பாகற்காய்: உணவும் மருந்தும்

பாகல் இலங்கைத் தோட்டங்களிற் பெரிதும் பயிராகும் கொடி மரக்கறியாகும். யாழ்ப்பாணத்தில் இதனைப் பாவல் எனவும் வழங்குவர். தின்னவேலி வெள்ளை, மாத்தளைப் பச்சை, எம்.சி. 43 என்பன கமக்காரர் நன்கறிந்த இனங்கள். கசப்பினால் இதனைச் சிலர் ஒதுக்குகின்றனர். வேறு சிலரோ எல்லா நோயையும் இது தீர்க்குமென நம்புகின்றனர். இவ்விரண்டும் பொருந்தா.

உணவுச் சத்து

பச்சைப் பாகற்காய் 100 கிராமில் ஏறத்தாழ 94 கிராம் நீராகும். அதே அளவில் விற்றமின் சீ ஏறத்தாழ 84 மில்லிகிராம் உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவிற்கு இது ஏறக்குறையச் சமம். நார்ச்சத்தும் போலேற்றும் இதில் அடங்கியுள்ளன. மாச்சத்து மிகக் குறைவாதலின், சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்ட வேண்டியவர்க்கு இது ஏற்றது.

காயை வெட்டுமுன் கழுவுதல் வேண்டும். உப்பிட்டுப் பிழிந்தாற் கசப்புக் குறையும்; ஆயின் நீரிற் கரையும் சத்துக்களும் அச்சாற்றுடன் போய்விடும். மெல்லிதாக அரிந்து, தேங்காய்ப்பாலில் அளவாக வேகவைத்துப் பின்னர் தேசிக்காய்ப் புளி சேர்த்தால், பிழியாமலே கசப்பு அடங்கும்.

மரபு வைத்தியம்

குடற்புழு நீங்குதற்கு இலைச்சாறு கொடுத்தலும், உள்ளங்கால் எரிவுக்கு அதனைத் தடவுதலும் நெடுங்கால வழக்கங்கள். சலரோகம் எனப்படும் நீரிழிவுக்குப் பாகற்காய்ச் சாறு குடித்தலே இன்று மிகப் பரவியுள்ள வழக்கமாகும்.

சலரோகிகள் அறிய வேண்டியவை

குருதியிலுள்ள சர்க்கரையைக் குறைக்கக்கூடிய பொருள்கள் பாகலில் உள்ளன. எனினும் அவற்றின் வலிமை மருந்துக்கு ஈடாகும் என்பது நிறுவப்படவில்லை. கொக்கிரேன் அமைப்பு 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட மீளாய்வு, 479 பேர் பங்குபற்றிய 4 பரிசோதனைகளை ஆராய்ந்து, போதிய சான்று இல்லையென முடிவு கூறியது.

ஆகவே, சாற்றை நம்பிக் குளிசையையோ இன்சுலினையோ நிறுத்துதல் பேராபத்தாகும். நோய் வெளித் தெரியாமல் முற்றிக் கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றைக் கெடுக்கும். மருந்துடன் சாற்றையும் மிகுதியாகக் குடித்தால், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகலாம். சாறு குடிப்போர் அதனை வைத்தியருக்கு மறையாது கூறுதல் வேண்டும். கறியாக அளவோடு உண்பதற்குத் தடையில்லை.

கர்ப்பிணிகள் சாற்றையும் விதையையும் தவிர்த்தல் வேண்டும். சிறுவர்க்கு வெறுவயிற்றில் கசாயம் கொடுத்தலாகாது. முற்றிய காயின் விதையை நீக்கியே சமைக்க.

தோட்டத்திற் செய்ய வேண்டியவை

நோயாளியும் குழந்தையும் உண்ணும் காயில் நஞ்சு தங்கியிருத்தலாகாது. பாகல் காய்க்கத் தொடங்கியபின் சில நாட்களுக்கொரு முறை பறிக்கப்படும். ஆதலாற் காய்க்கும் காலத்திற் பூச்சிநாசினி தெளித்தால், சிட்டையிற் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியுமுன்னரே காய் சந்தைக்குப் போக நேரும்.

இப்பயிரின் பெரும் பகை பழ ஈயாகும். அது பிஞ்சின் தோலுக்குள் முட்டையிடும். புழுக்கள் உள்ளே தின்னக் காய் மஞ்சளித்து அழுகி விழும். பின்னர் அப்புழுக்கள் மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, புதிய ஈக்களாய் வெளிவரும். இதனைப் பின்வருமாறு தடுக்கலாம்:

1. தாக்குண்ட காய்களை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைக்க. அல்லது பொலித்தீன் பையிற் கட்டி வெயிலில் வைக்க.
2. பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடுக.
3. ஆண் ஈக்களைக் கவரும் பொறிகளைத் தோட்டத்திற் கட்டுக.
4. அயலவரும் ஒருங்கே இவற்றைச் செய்தல் வேண்டும். ஒரு தோட்டத்து ஈ மறு தோட்டத்திற்கும் செல்லும்.

இவ்வாறு விளைந்த காய் உண்பவர்க்கு நல்லுணவாகும். மருந்துக்கு அது துணையே அன்றி மாற்றாகாது.