உழவு இயந்திரத்தின் பற்றரி வலுவிழந்தால்

கமக்காரர்களே,

பெரும்போக மழை வீழ்ந்து வயல் பதமாகிவிட்டது. கொட்டிலில் நிற்கும் உழவு இயந்திரத்தின் திறப்பைத் திருப்புகின்றீர்கள். 'டிக்' என்னும் ஓசையன்றி வேறொன்றும் நிகழவில்லை. சிறுபோகம் முடிந்தபின் ஓடாது நின்ற நாற்சக்கர இயந்திரங்களுக்கு இது அடிக்கடி நேர்வதாகும். உழவு பிந்துமே என்ற அவசரத்திற் செய்யும் பிழை, பற்றரியை மட்டுமன்றிக் கண்ணையும் உயிரையும் இழக்கச் செய்யலாம். ஆதலால் முறையறிந்து செய்தல் வேண்டும்.

வலுவிழப்பது ஏன்?

12 உவோற்றுப் பற்றரியில் ஆறு அறைகள் உள்ளன. அவற்றில் ஈயத் தகடுகள் ஐதான கந்தகவமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின் செலவாகும்போது தகடுகளில் ஈயசல்பேற்று படியும். மின்னேற்றும்போது அது நீங்கும். இயந்திரம் சும்மா நின்றாலும் பற்றரி சிறிது சிறிதாக மின்னை இழக்கும். வெப்பம் மிகுந்த இடங்களில் இவ்விழப்பு விரைவாகும். வலுவிழந்த பற்றரியை நெடுநாள் அப்படியே விட்டால் படிவு கடினமாகி, பின்பு மின்னேற்றினாலும் நீங்காது.

முதலிற் பார்க்கவேண்டியவை

1. முனைகள்: வெண்மையான அல்லது பச்சை நிறமான பூப்புப் படிந்தாலும், பிடி தளர்ந்தாலும் நல்ல பற்றரியும் இயங்காது. இயந்திரத்தின் உடலோடு இணைந்த வடத்தை முதலிற் கழற்றுக. அப்பச்சோடாவை நீரிற் கரைத்து, அறைகளினுட் செல்லாதவாறு முனைகளைத் தேய்த்துக் கழுவி உலர்த்துக. பின்பு இறுகப் பூட்டி வசிலீன் பூசுக. உடலோடு இணையும் வடத்தை இறுதியிற் பூட்டுக.

2. நீர்: தகடுகள் நீருள் மூழ்கியிருத்தல் வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சிவடித்த நீரை மட்டுமே விடுக. கிணற்று நீரிலுள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் விடலாகாது. மூடி திறக்கமுடியாத பற்றரிகளுக்கு நீர் விடவேண்டியதில்லை.

3. மின்: ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 உவோற்றுக் காட்டும். 12க்குக் குறைந்தால் மின் தீர்ந்ததெனக் கொள்க. மானி இல்லாதவர் முன்விளக்கை ஏற்றித் திறப்பைத் திருப்புக. விளக்கு மங்கினால் பெரும்பாலும் பற்றரியே காரணம்; மங்காது நின்றால் ஸ்டாட்டரையோ அதன் வடங்களையோ சோதித்தல் வேண்டும்.

வேறொரு பற்றரியின் துணைகொண்டு இயக்கல்

இரு பற்றரிகளும் ஒரே உவோற்றளவினவாயிருத்தல் வேண்டும். இயந்திரங்கள் ஒன்றையொன்று தொடலாகாது. பற்றரி வெடித்தோ புடைத்தோ இருப்பின் இதனைச் செய்யற்க. கியரை நடுநிலையில் வைத்துத் தடுப்பை இறுக்கி, இரு இயந்திரங்களும் ஓடாதிருக்கும்போது வடங்களைப் பின்வருமாறு இணைக்குக:

அ) வலுவிழந்த பற்றரியின் நேர்முனை (+).
ஆ) நல்ல பற்றரியின் நேர்முனை (+).
இ) நல்ல பற்றரியின் மறைமுனை (−).
ஈ) ஓடாத இயந்திரத்தில், பற்றரிக்கு அப்பாலுள்ள பூச்சற்ற இரும்புப் பகுதி.

இயங்கியதும் எதிர்வரிசையில் வடங்களைக் கழற்றுக. நேர்முனை உடலோடு இணைந்த பழைய இயந்திரங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றை இயந்திரத் திருத்துநரிடம் விடுக.

செய்யத்தகாதவை

பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு சிறு பொறியாலும் வெடிக்கும். ஆதலால் அருகிற் புகைத்தலும், தீக்குச்சி வெளிச்சத்தில் நீர்மட்டம் பார்த்தலும் ஆகா. அமிலம் கண்ணிற் பட்டால் உடனே நிறைந்த நீரால் 20 நிமிடமேனும் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்க.

நிலத்தில் நின்றபடி ஸ்டாட்டரின் முனைகளை இரும்புத் துண்டால் இணைத்து இயக்குவது மிகக் கொடிய வழக்கம். கியரில் நிற்கும் இயந்திரம் அக்கணமே பாய்ந்து, நிற்பவரைப் பின்சக்கரத்தால் நசுக்கிவிடும். இருக்கையில் அமர்ந்தே இயக்குக.

போகங்களுக்கிடையே

உழவு முடிந்ததும் பற்றரியை முழுமையாக மின்னேற்றி, உடலோடு இணையும் வடத்தைக் கழற்றி வைக்குக. மாதம் ஒருமுறை சோதித்து, வேண்டின் மெதுவாக மின்னேற்றுக. 70 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 7 அம்பியர் போதும்.

பயன் தீர்ந்த பற்றரியை வீட்டில் உடைத்தலும், அமிலத்தை வாய்க்காலிலோ மரக்கறித் தோட்டத்திலோ ஊற்றுதலும் கூடா. ஈயம் மண்ணிற் சேர்ந்தால் நீங்காது. சிறுவருக்குப் பெருந்தீங்கு விளைக்கும். பழைய பற்றரி வாங்குவோரிடம் அதனை உடையாமற் கொடுத்துவிடுக.

மழைக்கு முன் பற்றரியைப் பார்ப்பவர் மழை வந்ததும் உழுவார்.