கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்பவளுக்கு

கீரப்பாளையம் பக்கத்தில் நாள் ஆகுமுன் வலி கண்டால் வண்டி பெரும்பாலும் சிதம்பரத்துக்குத்தான் போகும். அங்கிருந்து அண்ணாமலை நகருக்கு அனுப்புவார்கள். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. ஊர் வாயில் இன்னும் ராஜா முத்தையாதான். பச்சிளங்குழந்தை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வராந்தாவில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் புதுத் தாய்மாருக்கும் அவர்களோடு வந்தவர்களுக்கும் சொல்ல எனக்குச் சிலது இருக்கிறது.

1. “ஏழாம் மாசம் பொறந்தா தங்கும், எட்டாம் மாசம் தங்காது” என்று யாராவது உன் காதுபடச் சொல்வார்கள். பொய். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. 28 வாரத்துப் பிள்ளையைவிட 32 வாரத்துப் பிள்ளைக்கு நுரையீரல் தேறியிருக்கும், குடல் தேறியிருக்கும். எட்டாம் மாதத்துக்கென்று தனியாக ஒரு சாபமும் இல்லை.

2. “குடம் தூக்கினாயா, ஸ்கூட்டியில் போனாயா” என்ற விசாரணையும் நடக்கும். ரத்தக்கொதிப்பு, கிருமித்தொற்று, இரட்டைப் பிள்ளை, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது என்று காரணங்கள் பல. எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாததும் உண்டு. 2020ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அத்தனை பேரும் குடம் தூக்கியவர்கள் இல்லை. விசாரிக்க வந்த மாமியார் அக்காவுக்கு வேறு வேலை இருக்கிறது, ஐந்தாவதில் சொல்கிறேன்.

3. வயர்களைப் பார்த்துப் பயப்படாதே, கேள். தலைக்கு மேலே சூடு காட்டுவது வார்மர். மூக்கில் செருகியிருப்பது சி-பாப்; மூச்சுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும். காலில் சிவப்பாக மின்னுவது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். அது 100 காட்டவில்லையே என்று தவிக்காதே. ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதப் பிள்ளைக்கு 90க்கும் 95க்கும் நடுவே இருந்தாலே சரி. ஏன் என்பது ஏழாவதில் வரும். திடீரென்று மணி அடிக்கும், நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டுவாள். குழந்தை மூச்சுவிட மறந்திருக்கும், அவ்வளவுதான். மூளையில் மூச்சைக் கவனிக்கும் இடம் இன்னும் முதிரவில்லை. அதற்குக் கொடுக்கும் மருந்து காஃபீன், நம் காபியில் இருப்பதேதான். நீல விளக்கு மஞ்சள் காமாலைக்கு. முதல் வாரத்தில் எடை குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். தினமும் எடையை மட்டும் கேட்டுக் கேட்டு அழாதே.

4. உன் முதல் வேலை பால். “குழந்தை உள்ளே இருக்கு, நான் யாருக்குக் கொடுக்க” என்று மார்பைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டால் பால் வற்றிப்போகும். பிரசவமான சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்கு. அறுவைசிகிச்சை ஆனவளும்தான். இரவு பகல் சேர்த்து எட்டுத் தடவை, நடுராத்திரி ஒரு தடவை கட்டாயம். முதல் நாள் நாலு சொட்டு சீம்பால் வந்தாலும் கொண்டுபோய்க் கொடு. முதலில் அவர்கள் குழாய் வழியாக விடுவதே ஒன்றிரண்டு மில்லிதான், ஆகவே உன் நாலு சொட்டு அற்பமில்லை. குறைமாதக் குடலை அழுகவைக்கும் நோய் ஒன்று உண்டு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அது குறைவு, மாவுப்பால் பிள்ளைக்கு அதிகம். ஒருத்திக்குச் சுரக்கவே இல்லை என்றால் புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது.

உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் சேர்ந்து பழக, கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரம் ஆகவேண்டும். அதுவரை குழாய், பிறகு பாலாடை, பிறகு மார்பு. நம் பாட்டிமார் சங்கில் புகட்டியதும் இதே வேலைதான். இந்தியா முழுக்க இன்று குறைமாத வார்டுகளில் அந்தப் பாத்திரத்தைப் ‘பாலாடை’ என்றே சொல்கிறார்கள். புட்டி மட்டும் வேண்டாம்.

உன் சாப்பாட்டுக்கு வருகிறேன். பத்தியம் என்று ரசமும் அப்பளமுமாக உன்னை வாட்டினால் வாங்கிக்கொள்ளாதே. கடல் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. பால்சுறா புட்டு, முட்டை, பருப்பு, கீரை எல்லாம் சாப்பிடு. சுறாவால்தான் பால் ஊறுகிறது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அடிக்கடி பீய்ச்சினால்தான் ஊறும். ஆனால் பசியோடிருப்பவளால் நடுராத்திரி எழுந்திருக்க முடியாது.

5. கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது. ஒரே கண்ணாடிப் பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்து ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கிருமி தொற்றிக்கொண்டிருந்த மருத்துவமனை அது. துணியில்லாக் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவிட்டார். ஏழை ஊர் வைத்தியம் என்று மற்றவர்கள் ரொம்ப நாள் இளக்காரமாகப் பார்த்தார்கள். பிறகு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், குழந்தை முற்றிலும் தேறும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கிப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு: முதல் மாத மரணம் 25 சதவீதம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் இப்போது நாளுக்கு 8 மணி நேரமாவது, முடிந்தால் 24 மணி நேரமும் என்கிறது.

எனவே பத்து நிமிஷம் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது இதில் சேராது. ஒரு முறை வைத்தால் ஒரு மணி நேரமாவது வை. தொப்பி, காலுறை, டயபர் தவிர வேறு துணி வேண்டாம். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மூடாமல் தெரியவேண்டும். அவள் குளிக்கப் போகும்போது, தம்பி, நீ சட்டையைக் கழற்று. ஆண்பிள்ளை மார்பும் அதே சூடுதான். வெட்கப்பட்டு வாசலில் நிற்கும் அப்பாமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வைத்துப் பார்த்தவன் மறுநாள் தானாக வருவான். மாமியார் அக்கா, உங்கள் முறையும் உண்டு.

6. கை கழுவு. வளையல், மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு முழங்கை வரை.

7. இதை இரண்டு தடவை படி. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எந்தக் குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடக்கவேண்டும். 28 வாரத்துக்கும் முந்தியது, 1,200 கிராமுக்கும் குறைந்தது என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பிறக்கும்போது முழுதாக வளர்ந்திருக்காது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து திரையையே பிய்த்துவிடலாம். ஆக்சிஜன் அளவு மீறினால் ஆபத்து கூடும். அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950இல் குறைமாதத்தில் பிறந்து பார்வை இழந்தது இதனால்தான்.

வெளியே ஒன்றும் தெரியாது. கண் அழகாக இருக்கும், கறுகறுவென்று பார்க்கும். சரியான நாளில் கண்டுபிடித்தால் லேசர் வைத்தே தடுத்துவிடலாம். லேசர் வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாகவேண்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளமுடியாது. பிரச்சினை எங்கே வருகிறது தெரியுமா? குழந்தை இருபதாம் நாள் தேறி வீட்டுக்குப் போய்விடும். எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். முப்பதாம் நாள் தாய்வீட்டில் தீட்டுக் கழிக்கும் ஏற்பாடு நடக்கும், சீட்டில் எழுதிய கண் தேதி பீரோவில் கிடக்கும். டிஸ்சார்ஜ் அன்று “கண் எப்போ, எங்கே” என்று நீயே கேட்டு காலண்டரில் வட்டம் போடு. கடலூர் தாண்டி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் போ. ஒரு தடவையோடு முடியாது; போதும் என்று டாக்டர் சொல்லும்வரை போகவேண்டும். காது கேட்கும் பரிசோதனையையும் அதோடு கேட்டு வாங்கு.

8. கையெழுத்துப் போட்டுவிட்டு முன்கூட்டியே கூட்டிப்போகாதே. சூட்டைத் தானே தாங்கவேண்டும், குழாயில்லாமல் குடிக்கவேண்டும், மூன்று நாளாவது தொடர்ந்து எடை ஏறவேண்டும். செலவுக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்கு: 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயதுவரை சிகிச்சை இலவசம், வீட்டில் கொண்டுவிடும் 102 வண்டியும் இலவசம். நல்ல நாள் பார்ப்பதை நான் தடுக்கவில்லை, டாக்டர் சொன்ன தேதிக்குப் பிறகு பார்.

9. வீட்டில் வேண்டாதவை: சேனை, தேன், உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், காதிலும் மூக்கிலும் எண்ணெய், கண்மை, பவுடர், சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி. கொசுவலை போதும். குளிப்பாட்ட அவசரப்படாதே, துடைத்துவிடு. மல்லாக்கப் படுக்கவை. கங்காருவை நிறுத்தாதே, இரண்டரைக் கிலோ ஆனதும் குழந்தையே திமிறிக்கொண்டு வெளியே வரும்.

10. பார்க்க வருகிறவர்கள் வாசலோடு நிற்கட்டும், சளி இருந்தால் வாசலுக்கும் வேண்டாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி தரிசனத்துக்கும் இந்த வருஷம் சிதம்பரம் தேரடிக் கூட்டத்துக்குப் போகாதே.

11. தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில். தலை நிற்பது, குப்புறுவது, சிரிப்பது எல்லாம் பிறந்திருக்கவேண்டிய தேதிக் கணக்கில். இரண்டு மாதம் முந்திப் பிறந்தவனுக்கு ஐந்து மாதம் ஆனால் அவனை மூன்று மாதப் பிள்ளையாக நினை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லு. கிராம செவிலியர் வந்து எடை பார்ப்பார். மளிகைக்கடைத் தராசு வேண்டாம்.

12. பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் துவண்டு கிடந்தால், நிமிஷத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளிழுத்தால், வயிறு தொட்டால் சில்லென்றோ கொதித்தோ இருந்தால், உதடு நீலமானால், பச்சையாகக் கக்கினால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால், வலிப்பு வந்தால் விடியட்டும் என்று இராதே. 108ஐக் கூப்பிடு. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள், குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் கிடத்தாமல் மார்போடு கட்டிக்கொண்டு வண்டியில் ஏறு.