வாரம் ஒரு பதிவு எதற்கு?

கேள்வி: எங்கள் இணையவழி டிப்ளோமா வகுப்பில் வாரம் ஒரு வலைப்பதிவு எழுதவேண்டும், அதற்குப் புள்ளியும் உண்டு. வழக்கமான ஒப்படை போதாதா?
– வாசகி, கடுகண்ணாவை

பதில்: போதாது. ஒப்படையை விரிவுரையாளர் மட்டுமே வாசிப்பார். புள்ளி வந்ததும் அது கோப்புக்குள் போய்விடும். பதிவை உடன் படிப்பவர்களும் வாசித்து, “இது எப்படித் தெரியும்?” என்று கேட்பார்கள். நேரில் சந்திக்காத வகுப்பில் அந்தக் கேள்வி பெரிய துணை.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் அங்கே நிற்கிறது. அதன் கல்வெட்டு அவருடைய திறமையைப் புகழ்கிறது. அந்த மலையில் பாறை உடைத்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை. அவர்கள் யார்? இந்த ஒரு கேள்வியே மூன்று வாரப் பதிவுக்குப் போதும். பிறகு 1867இல் கண்டிவரை வந்த ரயில் பாதை, 2014இல் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் என்று போகலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: பதிவுகளை வகுப்பாருக்கு மட்டும் திறந்துவைக்கலாமா, புனைபெயரில் எழுதலாமா? ஊரார் பார்வைக்கு அஞ்சி எழுதினால் எழுத்து சுருங்கிவிடும். டேட்டா செலவென்றால், போனிலேயே எழுதிவைத்து ஒருமுறை ஏற்றினால் போதும்.