பிள்ளைகளும் ரோபோவும்: வீட்டிலேயே ஒரு முதல் பாடம்

சிஞ்ச்வட், பிம்ப்ரி, சாக்கன் பக்கம் வேலை பார்க்கும் நம் குடும்பங்களுக்கு ரோபோ ஒன்றும் புதிதல்ல. கார்க் கம்பெனியில் வெல்டிங் செய்யும் இயந்திரக் கையைத் தினமும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நம்மில் பலர். அதே ரோபோ இப்போது பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்குள்ளும் வந்துவிட்டது. "ஸார், ரோபோ கிட் ஒன்று இருபதாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். பையன் அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. கொஞ்சம் பொறுங்கள், காசே செலவில்லாத முதல் பாடம் ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் பேசலாம் என்பேன். அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கதை. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்காகவே 'லோகோ' என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த மொழிக்குக் கட்டுப்படும் ஒரு சிறு ரோபோவும் வந்தது. தரையில் ஊர்ந்துகொண்டே பேனாவால் கோடு போடும். அதற்கு 'ஆமை' என்று பெயர். 'முன்னே 100 போ, வலது பக்கம் 90 திரும்பு' என்று குழந்தை ஆணை கொடுக்க வேண்டும். ஆமை போகிற பாதையைத் தன் உடம்பாலேயே குழந்தை நினைத்துப் பார்க்க முடியும் என்பதுதான் பேப்பர்ட்டின் யோசனை. நானே ஆமையாக இருந்தால் எப்படி நடப்பேன்? இந்தக் கேள்வி புரிந்துவிட்டால் நிரல் எழுதுவதில் பாதி வந்துவிட்டது.

இதற்கு ஆமை ரோபோ வேண்டியதில்லை. ஓடு பதித்த தரையும் ஒரு சாக்பீஸும் போதும். பேரன் ஆமை, பாட்டி ஆணை கொடுப்பவர். (தாத்தாவும் செய்யலாம், ஆனால் கோலம் போட்ட கைக்குத் திசை நன்றாகத் தெரியும் என்பது என் அனுபவம்.) விதி ஒன்றே ஒன்று: சொன்னதை மட்டும்தான் ஆமை செய்யலாம், சொல்லாததை ஊகிக்கக் கூடாது. "அப்படியே கொஞ்சம் தள்ளிப் போடா கண்ணா" என்றால் ஆமை அசையாமல் நிற்க வேண்டும். எத்தனை ஓடு, எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பம் என்று சொல்லத்தான் வேண்டும். இத்தனையும் தமிழில் நடக்கும். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தி, நண்பர்களோடு இந்தி என்று வளரும் பிள்ளைக்கு, கணக்கையும் தமிழில் யோசிக்கலாம் என்று தெரிகிற அபூர்வமான நேரம் அது.

சதுரம் சுலபம். 3 ஓடு முன்னே போ, வலது பக்கம் 90 பாகை திரும்பு. இதையே 4 தடவை செய். 'தடவை' என்ற அந்தச் சொல்தான் நிரல் மொழிகளில் 'லூப்'. பிறகு முக்கோணம் கேளுங்கள். சமபக்க முக்கோணத்தின் உட்கோணம் 60 என்று பள்ளியில் படித்திருப்பதால், ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் 60 திரும்பு என்பார்கள். திருத்தாதீர்கள், நடக்க விடுங்கள். மூன்று பக்கம் முடிந்தும் கோடு மூடாது. தொடர்ந்து நடந்தால் ஆறாவது பக்கத்தில் மூடி அறுகோணம் ஆகிவிடும். ஏன்? ஆமை திரும்புவது உட்கோணம் அல்ல, வெளிக்கோணம். புறப்பட்ட இடத்துக்கே வந்து பழைய திசையையே பார்க்க மொத்தம் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை திரும்பியாக வேண்டும். மூன்று பக்கத்துக்கு 360-ஐ 3-ஆல் வகுத்தால் 120. புத்தகத்தில் பத்துத் தடவை படித்தும் மனதில் நிற்காத இந்த விஷயம் தரையில் ஒரு தடவை நடந்தால் நிற்கிறது.

கோலத்தை நான் இழுத்து வந்தது நம் பெருமைக்காக மட்டும் அல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களைக் கணிப்பொறி இலக்கண முறையில் ஆராய்ந்து 1974-இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சிறு விதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்துதான் பெரிய கோலம் எழுகிறது.

சரி, நிஜ ரோபோவுக்கு வருவோம். கோடு பார்த்து ஓடும் வண்டி எளியது. அடியில் இரண்டு அகச்சிவப்பு உணரிகள் கறுப்புக் கோட்டின் இரு புறமும் நிற்கும். வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். இடது உணரி கறுப்பைக் கண்டால் இடது பக்கம் திரும்பு, வலது கண்டால் வலது, இரண்டும் காணாவிட்டால் நேரே போ. மூன்றே மூன்று 'ஆனால்'கள். தடை அறியும் வண்டியில் ஒலி உணரி இருக்கும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரொலி 0.002 நொடியில் வந்தால், போய்வந்த தூரம் 0.686 மீட்டர், அதில் பாதி, சுமார் 34 சென்டிமீட்டரில் சுவர் இருக்கிறது.

தாளில் சரியாக இருந்த நிரல் தரையில் கோணலாகப் போகும். இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுற்றா. பாட்டரி இறங்கினால் நேற்றைய 90 பாகை இன்று 70 ஆகும். இந்த இடத்தில் அப்பா கையில் வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டால் கிட்டின் விலை வீண். காரணத்தைப் பிள்ளையே தேடட்டும், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. சில தனிப் பயிற்சி வகுப்புகளில் படம் பார்த்துப் பூட்டி, கொடுத்த நிரலை ஏற்றி, பெற்றோருக்கு வீடியோ அனுப்புவதோடு வேலை முடிந்துவிடுகிறது. வண்டி ஓடும்தான். 'திருப்பத்தை 90-இலிருந்து 45 ஆக மாற்று' என்று அதே பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எதை வாங்குவது? பேப்பர்ட்டின் 1980-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் பெயரையே வைத்து லெகோ நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' வரிசை 2022 இறுதியோடு நின்றுவிட்டது. எனவே ஒரே கம்பெனியின் விலை உயர்ந்த பெட்டியை நம்பி இறங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. 2005-இல் இத்தாலியில் தோன்றிய 'ஆர்டுயினோ' பலகையின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. அதனால் மலிவான நகல்கள் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கின்றன. 2016-இல் பிரிட்டனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த 'மைக்ரோபிட்' இன்னும் எளிது: உள்ளங்கை அளவு, 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள். எட்டு, ஒன்பது வயதுக்கு அதுவும் வேண்டாம், கணிப்பொறியில் 'ஸ்க்ராட்ச்' இலவசம்.

நம் பக்கத்து மனிதர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டுப் புனே டெல்கோவில் பொறியாளராக இருந்தவர் அரவிந்த் குப்தா. தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் கொண்டு குழந்தைகளுக்கு வடிவியல் கற்றுக்கொடுத்தவர். பின்னாளில் புனே அயூகாவின் குழந்தைகள் அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய பொம்மைகளில் பெரும்பாலானவை குப்பையில் கிடப்பவற்றால் ஆனவை.

பள்ளியையும் கேளுங்கள். நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய 'அடல் டிங்கரிங் லேப்' திட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பத்தாயிரம் பள்ளிகளுக்கு மேல் பெற்றிருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கம் வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளியில் அந்த அறை இருந்தால் பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்தச் சாமான்கள் என் பிள்ளையின் கையில் இருக்கும்?

வீட்டு வேலை ஒன்று. தரையில் ஐந்து முனை நட்சத்திரம் போட ஆமை ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு திரும்ப வேண்டும்? 72 என்றுதான் முதலில் சொல்வார்கள். நடந்தால் ஐங்கோணம் வரும். நட்சத்திரத்துக்கு ஆமை மொத்தம் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது, ஆக 720-ஐ 5-ஆல் வகுக்க 144. இந்த விடையைப் பிள்ளையிடம் காட்டிவிடாதீர்கள்.