டெண்டர் வழக்குகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விலை உறையைப் பிரித்த அன்றே குறைந்த தொகை யாருடையது என்று தெரிந்துவிட்டால் வேலை அவருக்கே என்பது ஒப்பந்ததாரர்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. மிகக் குறைந்த விலை தந்தவரைக் குறிக்கும் ‘எல்-1 வந்தாச்சு’ என்ற சொல்லே பணி ஆணை கைக்கு வந்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. டெண்டர் அறிவிப்பு என்பது விலை கேட்டு அரசு விடுக்கும் அழைப்பு மட்டுமே. ஒப்பந்ததாரர் அதற்குத் தருவது முன்மொழிவு. அதை ஏற்பதாக அரசு தெரிவிக்கும்வரை ஒப்பந்தம் பிறப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்த நடைமுறையை 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் வகுக்கின்றன. இரண்டு உறை முறையில் தொழில்நுட்ப உறையில் தேறாதவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை. ஆகவே ‘நான் இன்னும் குறைவாகப் போட்டிருந்தேன்’ என்று அவர் பிறகு சொல்வதற்கு எடை கிடையாது. தேறியவர்களில் மிகக் குறைந்த விலைகூட சந்தை விலையையோ அரசின் விலைப்பட்டியலையோ தாண்டினால், அந்த ஒருவரிடம் மட்டும் பேசி விலையைக் குறைக்கக் கேட்கலாம். அப்போதும் படியவில்லை என்றால் எல்லா டெண்டர்களையும் தள்ளிவிடலாம். எல்-1 ஆக வந்தவருக்கு இருப்பது நேர்மையாக மதிப்பிடப்படும் உரிமை. வேலையே அவருடைய உரிமை ஆகிவிடுவதில்லை.

இதைக் கேட்டவுடன், பணம் அரசுடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம் போல என்று எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு இதற்கான அடித்தளம். பம்பாய் பன்னாட்டு விமான நிலையத்தில் ஓர் இரண்டாம் தர உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர் கோரப்பட்டது. குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள, பதிவுபெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரர்கள்தான் கலந்துகொள்ளலாம் என்பது நிபந்தனை. மாதம் 6,666.66 ரூபாய் உரிமக் கட்டணம் தருவதாகச் சொன்னவருக்கு வாய்ப்பு போனது. அவருக்கு இருந்ததோ கேன்டீன் நடத்திய அனுபவம். தானே வகுத்த தகுதியை அதிகார அமைப்பு தானே மீற முடியாது, அந்த நிபந்தனை தளரும் என்று தெரிந்திருந்தால் வேறு பலரும் போட்டியிட்டிருப்பார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அரசு தரும் ஒப்பந்தமும் உரிமமும் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவை என்ற கொள்கை இவ்வழக்கில்தான் அழுத்தமாக நிலைநாட்டப்பட்டது.

அதே தீர்ப்பின் முடிவுப் பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விதிமீறல் நடந்தது என்று கண்ட பிறகும் மனுதாரருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. டெண்டர் ஏற்கப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் கழித்து அவர் வந்தார். அதற்குள் உரிமம் பெற்றவர் சுமார் 1,25,000 ரூபாய் செலவழித்திருந்தார். மனுதாரர் வேறொருவருக்காக வழக்காடுகிறார் என்றும் நீதிமன்றம் கருதியது. நியாயம் பக்கத்தில் இருந்தும் காலம் தாழ்ந்ததால் கைநழுவிய டெண்டர் வழக்குகளுக்கு இது முன்மாதிரி.

தொழில்நுட்ப மதிப்பீட்டில் மதிப்பெண் குறைவாகப் போட்டுவிட்டார்கள், நீதிமன்றம் போனால் தாளைத் திருத்தி மறுமதிப்பெண் தரும் என்ற எதிர்பார்ப்பும் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு அடிக்கடி வருகிறது. 1992இல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களின் செல்போன் சேவைக்குக் கோரப்பட்ட டெண்டரிலிருந்து எழுந்தது டாடா செல்லுலார் வழக்கு. 1994இல் அதில் உச்ச நீதிமன்றம் எல்லையைத் தெளிவாக்கியது: நீதிமன்றம் முடிவுக்கு மேல்முறையீடு கேட்கும் இடமல்ல, முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத்தான் ஆராயும். சட்டமீறல், எந்த நியாயமான அதிகாரியும் எடுக்கமாட்டாத முடிவு, நடைமுறைத் தவறு ஆகியவற்றுக்கே இடையீடு உண்டு. 2007இன் ஜகதீஷ் மண்டல் வழக்கு, பொதுநலன் பாதிக்கப்படுகிறதா என்ற கேள்வியையும் உடன் சேர்த்தது. ஆகவே ‘எனக்கு 70 தந்திருக்க வேண்டும், 62 தந்தார்கள்’ என்ற மனு நிற்பது கடினம். அறிவிப்பில் சொல்லாத அளவுகோலை வைத்து 8 மதிப்பெண் வெட்டினார்கள் என்று காட்ட முடிந்தால் நிலைமை வேறு.

ஆவணக் குறைகளைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒரு காகிதம் குறைந்தாலும் டெண்டர் செத்தது என்பது ஒன்று. சின்னக் குறையைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது மற்றது. 1991இன் போதார் ஸ்டீல் வழக்கில், வைப்புத்தொகையை ரொக்கமாகவோ பாரத ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ கட்டச் சொல்லியிருந்த இடத்தில் ஒரு நிறுவனம் யூனியன் வங்கியின் காசோலையைத் தந்தது. அது துணை நிபந்தனைதான், தளர்த்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2016இல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கிலோ, வங்கி உத்தரவாதம் குறித்த படிவத்தில் இல்லை என்று டெண்டரைத் தள்ளியது செல்லும் என்று தீர்ப்பானது. எது உயிர்நாடியான நிபந்தனை என்று முதலில் முடிவு செய்வது டெண்டர் கோரும் அமைப்பே. ஒருவருக்குத் தளர்த்திவிட்டு இன்னொருவருக்கு அதே குறையைக் காட்டிக் கதவடைத்தால்தான் வழக்குக்கு உயிர் வருகிறது.

நிபந்தனைகள் ஒரு நிறுவனத்துக்காகவே தைக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டு எளிதில் எழும், கடினமாகவே நிரூபணமாகும். தமிழ்நாட்டில் மது பாட்டில்களில் ஒட்டும் ஹாலோகிராம் லேபிளுக்கான டெண்டர் இவ்வாறுதான் வழக்கானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மனுக்களைத் தள்ளுபடி செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை ரத்து செய்து, வழக்குத் தொடுத்தவர்கள்மீது செலவுத் தொகையையும் சுமத்தியது. நிபந்தனையில் குறை கண்டால் டெண்டர் போடுவதற்கு முன்பே, ப்ரீ-பிட் கூட்டத்திலேயே எழுத்தில் எதிர்ப்பதுதான் முறை. கலந்துகொண்டு தோற்ற பிறகு நிபந்தனையையே குறைசொல்பவரை நீதிமன்றங்கள் நம்ப மறுக்கின்றன.

வழக்குப் போட்டாலே வேலை நின்றுவிடும் என்பது காலாவதியான கணக்கு. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தில் உரிய நாட்களுக்குள் புகார் கொடுத்தால் வேலை பொதுவாகத் தானாகவே நிற்கும்; 100 நாட்களில் முடிவும் வரும். இந்தியாவில் அப்படி ஏற்பாடு இல்லை. 2018 திருத்தத்துக்குப் பின் குறித்துரைத்த நிவாரணச் சட்டம், உள்கட்டமைப்புத் திட்டங்களைத் தாமதப்படுத்தும் தடையாணைகளைத் தடுக்கிறது. 2022இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில், தடை தருவதைவிடப் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழிவிடுவதே மேல் என்று உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது.

தமிழ்நாட்டில் தோற்றவருக்கு முதல் வழி, ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்வது. அரசுத் துறையின் முடிவை அரசே சரிபார்க்கும் இந்த ஏற்பாடு உண்மையிலேயே பெருங்குறை. தனித்த தீர்ப்பாயம் இருந்தால் பாதி ரிட் மனுக்களுக்குத் தேவையே இராது. இருந்தாலும் இந்த 10 நாட்களைத் தவறவிட்டவர் உயர் நீதிமன்றத்தில் முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறார்.

மதிப்பீடு முடியும்வரை விவரங்கள் ரகசியம் என்பது விதி. அதைக் கடைசிவரை ரகசியம் என்று புரிந்துகொள்வது தவறு. முடிவுக்குப் பின் ஒப்பீட்டு விவரமும், மற்ற டெண்டர்களைத் தள்ளியதற்கான காரணங்களும் டெண்டர் செய்தி இதழில் வெளியாக வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மாநில இதழும் மாவட்ட இதழும் தனித்தனியே உண்டு. மேல்முறையீட்டுக்கு அடிப்படையான காரணங்கள் அங்கே இருக்கின்றன. அவை வெளியாகவில்லை என்றால், அந்தக் குறையையே மேல்முறையீட்டு மனுவின் முதல் காரணமாக வைக்கலாம்.