அரக்கர் பெயரும் ஆக்கியோர் திறனும்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுப்பர் நன்னூலார். உலகிற் காணப்படாத அரக்கரையும் அசுரரையும் படைத்துக் காட்டும் புலவர்க்குக் காரணப்பெயரே பெருந்துணையாம். கண் காணாத உருவத்தைப் பெயர் காட்டவேண்டுதலின் என்க.

இவற்றுட் சினையால் வந்தன மிகுதி. குடம்போன்ற காதுடையான் கும்பகருணன், முறம்போன்ற நகமுடையாள் சூர்ப்பணகை, ஆட்டுமுகத்தாள் அசமுகி. குடமும் முறமும் ஆடும் எவர் வீட்டிலும் உள்ளன. அறிந்த பொருள்கொண்டு அறியாத உருவை உணர்த்தும் நுட்பம் இது. கந்தசட்டியிற் சூரன்போர் காணும் ஆரையம்பதிச் சிறுவர்க்குச் சிங்கமுகன் எத்தகையன் என விளக்கவேண்டுவதில்லை, பெயரே விளக்கிவிடும்.

ஓசையாலும் செயலாலும் பெற்ற பெயர்களும் உள. பிறந்தபோது இடிபோல் முழங்கியவன் மேகநாதன். இந்திரனை வென்றபின் அவனே இந்திரசித்து.

வடசொற்களை வடவெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் வழங்குக என்பது தொல்காப்பியர் விதி. அதன்படியே கபந்தன் கவந்தனாகவும், விபீஷணன் வீடணனாகவும் கம்பர் வாக்கில் இனிது ஒலிக்கின்றனர். ‘சூர்’ என்பதோ அச்சம் எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். சங்கப் புலவர் முருகனாற் கொல்லப்பட்ட பகையை அவ்வோரெழுத்தொருமொழி போன்ற சிறு சொல்லாலேயே சுட்டினர்.

பிறநாட்டிலும் இம்முறை உண்டு. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் ஆங்கிலப் பெருங்கதையில், பேராசிரியர் டோல்கீன் தம் கொடிய படையினர்க்கு ‘ஓர்க்’ என்னும் பெயரைப் பழைய ஆங்கிலத்திலிருந்தே எடுத்தார். ஆகவே, மாயக்கதை எழுத விழையும் நம் மாணாக்கர் பொருளற்ற ஒலிகளைக் கோத்துப் பெயரிடல் வேண்டா. பழந்தமிழ்ச் சொற்களஞ்சியம் அவர்முன் திறந்தே கிடக்கின்றது.

இனி, கருதத்தக்கது ஒன்றுண்டு. விபீடணன் என்பதற்கு அச்சந் தருபவன் என்பது பொருள். அவனோ அறத்தின் பக்கம் நின்றான். குடக்காதன் எனப்பட்ட கும்பகருணன், பிறன்மனை கவர்ந்த தமையனை இடித்துரைத்தும், செஞ்சோற்றுக்கடன் கழிக்க உயிர் ஈந்தான். பெயர் உடலைக் காட்டும். உள்ளத்தைச் செயலே காட்டும். உடற்குறை நோக்கி உடன் பயில்வோர்க்குப் பட்டப்பெயர் சூட்டும் மாணாக்கர் இதனை மறவாதிருப்பாராக. கற்பனை அரக்கனுக்கு அப்பெயர் அணியாகலாம்; அருகில் அமர்ந்திருக்கும் தோழனுக்கோ அது ஆறாத வடு.