இரவற் பெயரும் இன்றைய செய்தியும்

கடிதம் என்பது எழுதியவருக்குப் பதிலாக நம் வாயிலில் வந்து நிற்கும் தூதன். தூதனை உள்ளே அழைக்குமுன், அவனை விடுத்தவர் யாவர் என வினவுதல் அறிவுடையோர் வழக்கம். இக்காலத்து மின்னஞ்சலோ ஒரு நொடியிற் கடல் கடந்து வந்து, நாம் வினவுவதற்குள் திறக்கப்பட்டு விடுகின்றது. இந்நிலையைத் துணையாகக் கொண்டு, ‘ஸ்பாம்’ எனப்படும் வேண்டா அஞ்சலைப் பரப்பும் வஞ்சகர் மக்களை எவ்வாறு மயக்குகின்றனர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இத்தகைய அஞ்சலின் தொடக்கம் அத்துணைக் கொடியதன்று. 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், இணையத்திற்கு முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் வழியாக, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் ஒருவர், தம் புதிய கணினிகளைக் காண வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒருங்கே கடிதம் விடுத்தார். கேளாது வந்த கடிதமென்று பலர் சினந்தனர். எனினும் அவர் தம் நிறுவனத்தின் பெயரை மறைத்தாரல்லர். விற்க வந்த பொருள் இன்னதென்பதையும் ஒளித்தாரல்லர். ஆகவே அது தொல்லையேயன்றி வஞ்சனையன்று. அனுப்புவோர் தம் பெயரை மறைத்துப் பிறர் பெயரைப் பூண்ட பின்னரே தொல்லை வஞ்சனையாயிற்று.

முன்பின் அறியாதான் ஒருவன் கதவைத் தட்டினால் நாம் எளிதில் திறப்பதில்லை. ஆதலின் வஞ்சகனுக்கு இரண்டு இன்றியமையாதன: ஒன்று, நாம் நம்பும் ஒரு பெயர், மற்றொன்று, நாம் உடனே திறத்தற்கு ஒரு காரணம். முன்னதை வங்கி, செய்தி நிறுவனம் முதலியவற்றினின்றும், பின்னதை அன்றாட நிகழ்ச்சிகளினின்றும் அவன் இரவலாகக் கொள்கின்றான்.

பெயரை இரவல் கொள்ளுதல் எங்ஙனம் கூடும் எனின், மின்னஞ்சலின் அமைப்பே அதற்கு இடந்தருகின்றது. அஞ்சலைக் கணினிக்குக் கணினி கொண்டு செல்லும் முறை 1982-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அந்நாளில் வலையமைப்பைக் கையாண்டோர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளராகிய ஒரு சிறு கூட்டத்தினர். ஆதலின், அனுப்புநர் என்னுமிடத்தில் எழுதப்பட்ட பெயர் மெய்யா பொய்யா என்று சோதிக்கும் ஏற்பாடு அம்முறையில் வைக்கப்படவில்லை. உறையின் மேல் எவரும் எவருடைய முகவரியையும் எழுதி அஞ்சற்பெட்டியில் இடலாம் அன்றோ? அதனை ஒத்ததே இதுவும். நிறுவனத்தின் சின்னத்தையும் வண்ணத்தையும் அப்படியே படியெடுத்தல் அதனினும் எளிது. ஆங்கில ‘எம்’ எழுத்திருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ ஆகிய இரண்டையும் நெருக்கி எழுதிய முகவரி, விரைந்து நோக்குவார்க்கு மெய்யான முகவரியாகவே தோன்றும்.

இனி, செய்தியை இரவல் கொள்ளுதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 2007-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் கிரில் என்னும் கடும்புயல் ஐரோப்பாவின் பல நாடுகளைத் தாக்கிற்று. அதனையடுத்து, ஐரோப்பாவில் புயலால் 230 பேர் மாண்டனர் என்னும் தலைப்புடன் எண்ணிறந்த மின்னஞ்சல்கள் பரவின. அவ்வெண் மெய்யான உயிரிழப்பினும் பன்மடங்கு மிகையானது. முழுச் செய்தி என்று உடன் இணைக்கப்பட்டிருந்தது, கணினியைக் கைப்பற்றும் ஒரு தீநிரல். அதனைத் திறந்தவரின் கணினி, அவர் அறியாமலே அவ்வஞ்சகரின் ஏவலாளாயிற்று. அப்புயலின் காரணமாகவே அந்நிரலும் ‘ஸ்டார்ம்’ என்று பெயர் பெற்றது.

பெயரும் செய்தியும் ஒருங்கு சேர்ந்த நிகழ்ச்சி 2008 ஆகஸ்டில் நேர்ந்தது. சி.என்.என். நிறுவனத்தின் அன்றைய முதற்பத்துச் செய்திகள் என்னும் வடிவில் அஞ்சல்கள் வந்தன. ஏதேனும் ஒரு தலைப்பைச் சொடுக்கினால், படத்தைக் காண ஃபிளாஷ் பிளேயர் என்னும் மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டுமென்று ஒரு பக்கம் கூறும். அங்கு இறக்கப்படுவதோ தீநிரல். 2020-ஆம் ஆண்டின் இறுதியிற் கைவிடப்பட்ட அம்மென்பொருள், அந்நாளில் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருந்தது. ஆதலின் ஒரே சூழ்ச்சியில் இரண்டு நற்பெயர்கள் களவாடப்பட்டன. சில நாட்களில் அதே சூழ்ச்சி எம்.எஸ்.என்.பி.சி. நிறுவனத்தின் பெயரைப் பூண்டு மீண்டும் வந்தது.

இவற்றினும் வருந்தத்தக்கது, துயரையே தூண்டிலாக்குதல். 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையையும் இலங்கையையும் பிற நாடுகளையும் அழித்த துயரம் ஆறுமுன்னரே, 2005 ஜனவரியில், அதற்கு நன்கொடை வேண்டுவதுபோல் நடித்து ஒரு தீநிரல் மின்னஞ்சலிற் பரவிற்று. கொரோனாக் காலத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரே இரவலாயிற்று. அந்நோயைச் சாட்டி வந்த தீய அஞ்சல்களுள் நாடோறும் 1 கோடியே 80 இலட்சத்தைத் தடுத்ததாகக் கூகுள் நிறுவனம் 2020 ஏப்ரலில் அறிவித்தது.

நிற்க. இதற்கு மாற்று யாதும் இல்லையோ எனின், உண்டு. ஒரு நிறுவனத்தின் பெயரால் அஞ்சல் விடுக்க உரிமையுடைய கணினிகள் எவை என அறிவிக்கும் எஸ்.பி.எஃப். முறை 2006-இலும், அஞ்சலில் மின்முத்திரை பொறிக்கும் டி.கே.ஐ.எம். முறை 2007-இலும், சோதனையில் தவறிய அஞ்சலை என்செய்வது என்று கட்டளையிடும் டிமார்க் முறை 2015-இலும் ஆவணமாக வெளியிடப்பட்டன. பேரளவில் அஞ்சல் விடுப்போர் இம்மூன்றையும் கைக்கொள்ள வேண்டுமென்று கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் விதித்தன. ஆயினும் இம்முறைகள், அஞ்சல் இன்ன முகவரியினின்றும் வந்தது என்பதை மட்டுமே உறுதி செய்யும்; அம்முகவரிக்கு உரியவன் நல்லவனா என்பதைக் கூறமாட்டா. ஒத்த தோற்றமுடைய ஒரு பெயரைத் தனக்கெனப் பதிவு செய்துகொண்ட வஞ்சகனுக்கும் அம்முத்திரை கிட்டும்.

ஆகவே இறுதிக் காவல் படிப்போர் கையில் இருக்கின்றது. அஞ்சல் காட்டும் வழியே செல்லாது, நாம் முன்பே அறிந்த வழியே செல்லுதல் அக்காவலின் சாரம். வங்கியின் பெயரால் அஞ்சல் வரின், அதிலுள்ள இணைப்பை விடுத்து, கணக்குப் புத்தகத்திலுள்ள எண்ணில் வங்கியையே வினவுக. பெருஞ்செய்தி வரின், வழக்கமாகப் படிக்கும் இதழிற் காண்க. நன்கொடை வேண்டப்படின், நன்கறிந்த நிலையத்திற்கு நேரே அளிக்க. உடனே செய்க, இன்றே கடைசி என்று எவ்வளவு விரைவுபடுத்துகின்றதோ, அவ்வளவு நிதானம் வேண்டும். பொருளை இழந்துவிடின், இந்தியாவில் 1930 என்னும் தொலைபேசி எண்ணிற் காலந்தாழ்த்தாது முறையிடலாம்.

நண்பர்களே, ஏமாந்தவரை அறிவிலி என்று நகைப்பது தகாது. வஞ்சகன் பற்றியிழுப்பது பெரும்பாலும் நம் மடமையை அன்று. பிறர்பால் நாம் வைத்த நம்பிக்கையையும், துன்புற்றார்பால் நமக்குள்ள இரக்கத்தையுமே. பலமுறை ஏமாந்த உள்ளம் மெய்யான வேண்டுகோளையும் பொய்யெனத் தள்ளிவிடும். அப்பொழுது கேடுறுவோர் கடிதத்தைப் பெற்றவர் மட்டுமல்லர். புயலிலும் வெள்ளத்திலும் உதவியை எதிர்நோக்கி நிற்கும் ஏழைகளுமேயாவர். ஆதலின் இரக்கத்தை அடைத்து வையாது, அதற்கு முன்னே ஆராய்ச்சியை நடக்கவிடுவோமாக.